பயணத்தில் காதுப் பயிற்சி: மேடை ஒலிப்பணியாளர் எதைக் கொண்டுபோவது?

மார்கழியில் சென்னை சபாக்கள், தையில் திருவையாறு, சித்திரையில் மதுரைப் பக்கத்துத் திருவிழாக்கள், இடையே முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்கள் என்று ஊர் ஊராகப் போகும் மேடை ஒலிப்பணியாளர்களுக்கு, மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் பேருந்திலும் விடுதி அறையிலும் கழிந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: வீட்டிலுள்ள மானிட்டர் ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாத அந்த நாட்களில், காதுப் பயிற்சியை எதை வைத்துச் செய்வது? ஒருவர் ப்ளூடூத் இயர்பட்ஸ் போதும் என்கிறார், இன்னொருவர் பெரிய ஹெட்ஃபோன் இல்லாமல் பயிற்சி வீண் என்கிறார். நடுவில் நிற்பவர் எதையும் வாங்காமல் பயிற்சியையே விட்டுவிடுகிறார்.

காதுப் பயிற்சி என்று நான் இங்கே சொல்வது ராகம் கண்டுபிடிப்பதை அல்ல. ஒலியில் எந்த அலைவெண் பகுதி வீங்கியிருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லும் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒலிபெருக்கியின் ஒலி மைக்குக்கே திரும்பி வந்து மைக் கூவத் தொடங்கும்போது, 31 பட்டை கிராஃபிக் ஈக்யூவில் (ஒலியை 31 அலைவெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஃபேடர் என்ற நகர்த்து குமிழால் ஏற்றி இறக்கும் கருவி) விரல் எந்த ஃபேடருக்குப் போகிறது என்பதில் அந்தப் பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். எல்லா அலைவெண்களும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலிலோ நன்கு தெரிந்த ஒரு பாடலிலோ ஏதேனும் ஒரு பட்டையைக் கைப்பேசியிலுள்ள பயிற்சிச் செயலி 12 டெசிபெல் உயர்த்திக் காட்ட, அது எந்தப் பட்டை என்று சொல்ல வேண்டும். தவறுகள் குறையக் குறைய உயர்த்தும் அளவை 6 டெசிபெல், 3 டெசிபெல் என்று இறக்கிக்கொண்டு வர வேண்டும். இதுவே வழக்கமான பயிற்சி முறை.

## எவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கருவி வெளி இரைச்சலை எவ்வளவு தடுக்கிறது என்பது. பலரும் கருவியின் ஒலித்தரத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பயணத்தில் பயிற்சியைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி அன்று, கேட்கும் இடம்தான். பேருந்து எஞ்சினும் ரயில் சக்கரமும் எழுப்பும் இரைச்சலில் தாழ்ந்த அலைவெண்களே மிகுதி. தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளையும் மறைக்கும் இயல்புடையது. மண்டபங்களில் நமக்கு மிகுந்த தொல்லை தரும் 125 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான் ஓடும் வண்டியில் முதலில் காணாமற்போகிறது.

அந்த இரைச்சலை மீறிக் கேட்க ஒலியை உயர்த்துவோம். செவிப் பாதுகாப்பு என்ற இரண்டாம் அளவுகோல் அங்கே வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வரையறைப்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 75 டெசிபெல் இரைச்சலுள்ள பேருந்தில் அதைவிட 15 டெசிபெல் கூட்டி வைத்தால் 90 ஆகிறது, வாரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மணி நேரம். மேடையில் பல மணி நேரம் உரத்த ஒலியில் நிற்கும் நமக்கு அந்த 4 மணி நேரமும் மிச்சமில்லை என்பதே என் கணக்கு.

மூன்றாவது, கருவி நாள்தோறும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒரு குறையுள்ள கருவியின் குறை மாறாமல் இருந்தால் காது அதைக் கழித்துக்கொள்ளக் கற்றுவிடும். தினமும் மாறுகிற கருவியில் அதற்கு வழியில்லை. கேட்கும் ஒலியளவையும் மாற்றக்கூடாது: 1933இல் ஃப்ளெச்சரும் மன்சனும் சம உரப்புக் கோடுகளில் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது தாழ்ந்த அலைவெண்கள் மற்றவற்றைவிட வேகமாக மெலிந்து கேட்கின்றன. நேற்று பாதி அளவிலும் இன்று முழு அளவிலும் கேட்டால், 63 ஹெர்ட்ஸ் பற்றி நீங்கள் கற்றது எதுவும் நிலைக்காது.

எந்த அலைவெண் வரை கருவி நேர்மையாக ஒலிக்கிறது, பையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, வாங்கிய பிறகு வரும் செலவுகள் என்ன என்பவை இவற்றுக்குப் பின்னால் வருபவை.

| வழி | இரைச்சல் தடுப்பு | நாள்தோறும் ஒரே ஒலி | தாழ்ந்த அலைவெண் | வாங்கிய பின் வரும் தொல்லை |
|---|---|---|---|---|
| கைப்பேசி ஒலிபெருக்கி | இல்லை | பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது | ஏறத்தாழ இல்லை | அடுத்தவருக்கு இடைஞ்சல் |
| கம்பி இயர்போன் | நன்று | காதில் சரியாகப் பொருந்தினால் நன்று | நன்று | நுனி ரப்பர், இணைப்பி |
| ப்ளூடூத் இயர்பட்ஸ் | மிக நன்று | ஐயத்துக்குரியது | பெரும்பாலும் மிகை | மின்கலம், தாமதம் |
| மூடிய ஹெட்ஃபோன் | ஓரளவு | மிக நன்று | நன்று | இடம், வியர்வை |
| கருவியின்றி | தேவையில்லை | உங்கள் நினைவைப் பொறுத்தது | குரலின் எல்லை வரை | மாதக்கணக்கில் பொறுமை |

## கைப்பேசியின் ஒலிபெருக்கி

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே விரைவாக மெலிந்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி (இடக்கைப் பக்கம்) எழுப்பும் கனத்த ஒலி அதில் கேட்பதுபோல் தோன்றினாலும், காதுக்கு வருவது அதன் மேல் இசைவுகள் மட்டுமே. அடிநாதத்தை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கையால் மூடிப் பிடித்தால் ஒலி ஒரு மாதிரி, மேசையில் வைத்தால் இன்னொரு மாதிரி. ரயில் பெட்டியில் உடன் வருபவர்களின் தூக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் விடுதி அறையில் வேறெதுவும் கையில் இல்லாத இரவில் 1000, 2000, 4000 ஆகிய மூன்றையும் மட்டும் பிரித்தறியும் பயிற்சிக்கு இது போதும். கைப்பேசியை எப்போதும் ஒரே பரப்பில், ஒரே தூரத்தில் வைத்துக் கேளுங்கள்.

## கம்பியுள்ள இயர்போன்

செவித்துளைக்குள் பொருந்தும் கம்பி இயர்போனைத்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். நன்றாகப் பொருந்தினால் வெளி இரைச்சலை 20 டெசிபெல் அளவுக்கும் அதற்கு மேலும் குறைக்கும்; மின்கலம் வேண்டியதில்லை; ஓரிரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே பயிற்சிக்குத் தகுந்தவை கிடைக்கின்றன; சட்டைப்பையில் அடங்கிவிடும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் இன்-இயர் மானிட்டர் என்ற காதுக்குள் பொருந்தும் கருவியை அணிவது பெருகிவரும் இந்நாளில், அவர்கள் காதில் என்ன கேட்கிறது என்பதை அறிந்துகொள்ளவும் இது நமக்கு உதவும்.

பொருத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நுனி ரப்பர் காதை முழுமையாக அடைக்காமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை கசிந்து போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன்னால் 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை மெல்லிய அளவில் கேட்டு, இரண்டு காதிலும் அது சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இடது பக்கம் மெலிந்து கேட்டால், வலது கையால் தலைக்குப் பின்புறமாக எட்டி இடது காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி இயர்போனை மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த ஆழத்துக்கு உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து 8000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒரு மேடும் இடம் மாறுகிறது. அந்தப் பட்டையில் உங்கள் விடைகள் ஒருநாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பொருத்தத்தை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாத கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி-சி இணைப்பி ஒன்று வாங்க வேண்டும்; அது சிறியதாகையால் எங்கேனும் தொலைந்துபோகும், இரண்டாக வாங்கி ஒன்றை மடிக்கணினிப் பையிலேயே போட்டு வையுங்கள். நுரை நுனிகள் இரைச்சலை மிக நன்றாகத் தடுத்தாலும் நம் ஊர் வியர்வையில் சில மாதங்களில் உப்பித் தளர்ந்துவிடுகின்றன. கம்பி சட்டையில் உரசும்போது வரும் முரட்டுச் சத்தம் காதுக்குள் நேராக இறங்கும். கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்தால் அது பெருமளவு அடங்கும். குழல் முனையில் மெழுகு அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் மங்கலாகிவிடுவதும் உண்டு.

இடவலப் பரப்பையும் எதிரொலியின் ஆழத்தையும் இதில் பயில முடியாது. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்கத்து ஒலி வலக்காதுக்கும் வந்து சேர்கிறது. இயர்போனில் அது நிகழ்வதில்லை, நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்குள் ஒலிக்கிறது. பயணத்தில் அலைவெண் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். மற்றவை வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஆகட்டும்.

## இரைச்சல் நீக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ்

இரைச்சல் தடுப்பை மட்டும் பார்த்தால் இதற்கு நிகரில்லை. வெளி ஒலிக்கு எதிர் அலையை உருவாக்கி அழிக்கும் இந்த முறை 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாக வேலை செய்கிறது. எஞ்சின் உறுமலும் விமான இரைச்சலும் சரியாக அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஒலியை உயர்த்த வேண்டிய தேவையே எழாததால் செவிக்கும் நல்லது.

ஆனால் மூன்றாம் அளவுகோலில் இது தடுமாறுகிறது. பல மாடல்கள் காதின் பொருத்தத்தையும் சூழலையும் பார்த்துத் தாமாகவே ஒலியை மாற்றிக்கொள்கின்றன. இரைச்சல் நீக்கத்தைப் போட்டால் ஒரு மாதிரியும் நிறுத்தினால் வேறு மாதிரியும் ஒலிக்கின்றன. விற்பனைக்காகத் தாழ்ந்த ஒலியைத் தூக்கி வைத்திருப்பதும் சாதாரணம்.

இதன் விலையை நான் நேரடியாகவே கொடுத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு மாதத் தொடர்பயணம் முழுவதும் இப்படிப்பட்ட இயர்பட்ஸில் பயிற்சி செய்தேன். அதன் செயலியில் தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தும் அமைப்பு போடப்பட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதன் முடிவில் ஒரு கல்யாண மண்டபக் கச்சேரி. ஒலிச் சோதனையில் மிருதங்கத்தின் தொப்பி பக்கம் கும் கும் என்று வீங்கி நிற்க, 125 என்று உறுதியாக நம்பி அந்த ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினேன். வீக்கம் அப்படியே இருந்தது. தொப்பியின் கனம் மட்டும் போயிற்று. வித்வான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, இடது கையை விரித்து, இது எங்கே போயிற்று என்பதுபோல் என்னைப் பார்த்தார். வீங்கியிருந்தது 250. இரண்டு மாதமாக 125ஐ மிகையாகவே கேட்டுக் கேட்டு, கனமாக ஒலிப்பதெல்லாம் 125 என்று காது முடிவு கட்டியிருந்தது. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஏறத்தாழ இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

வேறு இரண்டு குறைகளும் உண்டு. ஃபேடரை நகர்த்தினால் ஒலி மாறுவது சற்றுத் தாமதமாகவே காதை எட்டுகிறது. விரலும் காதும் ஒன்றாகப் பழக வேண்டிய பயிற்சிக்கு இது ஆகாது. கேட்ட ஒலியை மைக்கில் பாடிக் காட்டும் செயலியைத் திறந்தால், ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. அதில் பழைய வகை 4000 ஹெர்ட்ஸுக்கு மேலும், சற்று மேம்பட்ட வகை 8000 ஹெர்ட்ஸுக்கு மேலும் எதையும் கடத்துவதில்லை.

ஏற்கெனவே இதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் தூக்கி எறிய வேண்டாம். எல்லா ஒலி அலங்கார அமைப்புகளையும் நிறுத்திவிட்டு, இரைச்சல் நீக்கத்தை எப்போதும் ஒரே நிலையில் வைத்து, 500 முதல் 4000 வரையிலான பட்டைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கு பயணத்தின்போதே பயிற்சி செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது.

## மூடிய ஹெட்ஃபோன்

காதை முழுமையாகச் சுற்றி மூடும் வகையில், 1991இல் வந்து இன்றும் ஸ்டுடியோக்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506 போன்றவற்றைப் பலரும் அறிவார்கள். மடித்து வைக்கலாம், 63 ஓம் மின்தடை கொண்டதாகையால் கைப்பேசியே அதை இயக்கிவிடும். பொருத்தத்தால் ஒலி மாறுவது இயர்போனைவிடக் குறைவு, எனவே நம்பகத்தன்மையில் இந்த ஐந்திலும் இதுவே முதலில் நிற்கிறது. ஆனால் தாழ்ந்த இரைச்சலை இது அவ்வளவாகத் தடுப்பதில்லை. பேருந்தில் அணிந்தால் குரல்கள் குறையும், எஞ்சின் குறையாது.

கண்ணாடி அணிபவர்களுக்குக் காது மெத்தைக்கும் தலைக்கும் இடையே இடைவெளி விழுந்து தாழ்ந்த ஒலி கசியும். கோடையில் அரை மணி நேரத்துக்குமேல் அணிய முடிவதில்லை. மெத்தையின் மேலுறை வியர்வையால் செதில் செதிலாக உரிந்துவிடும், மாற்று மெத்தைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் பல நாள் தங்கி, இரவில் அறையில் அமர்ந்து பயிலும் வாய்ப்புள்ளவர்களுக்கு இது மிகச் சிறந்த தேர்வு. முதுகுப் புறம் திறந்த வகையைப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

## கருவியே இல்லாமல்: சுருதியும் உயிரெழுத்தும்

பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. கர்நாடக இசைச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விட அருகில் இருப்பதும் இதுவே.

சுருதியைக் குறிக்கும் கட்டைக் கணக்கில், 6 கட்டையை 440 ஹெர்ட்ஸாக வைத்த ஹார்மோனியத்தில் 7 கட்டையின் அலைவெண்கள் ஸ்தாயி ஸ்தாயியாக 123.5, 246.9, 493.9, 987.8 என்று ஏறிக்கொண்டே போகும். ஈக்யூவில் எழுதியிருக்கும் 125, 250, 500, 1000 இவற்றிலிருந்து அரைசுரத்தில் கால் பங்குகூட விலகுவதில்லை. 31.5 முதல் 16000 வரை ஒரு ஸ்தாயி இடைவெளியில் நிற்கும் அந்தப் பத்து ஃபேடர்களும், சிறிது முன்பின்னாக, 7 கட்டை ஸட்ஜம்தான். இடையிலுள்ளவையும் அப்படியே: 250க்கும் 500க்கும் நடுவில் நிற்கும் 315, 400 இரண்டும் நந்நான்கு அரைசுர இடைவெளியில் இருக்கின்றன, அதாவது 250 ஸட்ஜமானால் 315 அந்தர காந்தாரம், 400 சுத்த தைவதம். ச, க, த, மேல் ச என்ற இந்த நான்கு படியைப் பாடத் தெரிந்தால் 31 பட்டை ஈக்யூவின் அமைப்பு முழுவதும் உங்கள் தொண்டைக்குள் வந்துவிடுகிறது. மைக் கூவும் ஒலி ஏறத்தாழ ஒற்றைச் சுரமாகவே இருப்பதால் இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. கூவலை முணுமுணுத்துப் பார்த்து, அது ச, க, த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், 31 ஃபேடர்களில் சுமார் 20 அந்த நொடியிலேயே கழிந்துவிடும்.

எந்த ஸ்தாயி என்பதே மிச்சம். அதற்கு உயிரெழுத்துகள் உதவும். தொழிலில் வழங்கிவரும் முறைப்படி, 250 பகுதி வீங்கிய ஒலியில் ஊகாரச் சாயலும், 500இல் ஓகாரமும், 1000இல் ஆகாரமும், 2000இல் ஏகாரமும், 4000இல் ஈகாரமும் கேட்கும். ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று ஒரே சுருதியில் மெல்ல மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சுருதி மாறாமலே ஒலியின் வெளிச்சம் படிப்படியாக ஏறுவதைக் கேட்கலாம். கூர்மையான ஸகாரம் அதற்கும் மேலே, 5000 முதல் 8000 வரையிலான பகுதியில் இருக்கிறது.

ஆகவே பயிற்சி இப்படி அமைகிறது. காலையில் தம்புரா செயலியில் 7 கட்டையை ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். மதியம், ஜன்னலோர இருக்கையில் அமர்ந்தபடி, நினைவிலிருந்து அதை முணுமுணுத்து, பிறகு செயலியைக் காதருகே மெல்லிய அளவில் வைத்துச் சரிபாருங்கள். முதல் வாரத்தில் ஒரு சுரம் தள்ளிக்கூட நிற்கும்; கவலைப்பட வேண்டாம். வழியில் கிடைக்கும் ஒலிகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால், நடைமேடை ஓரத்து டிரான்ஸ்ஃபார்மரும் பழைய டியூப்லைட் சோக்கும் எழுப்பும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். அது கீழ் ஸ்தாயியில் 5 கட்டைக்கு மிக அருகில் இருக்கிறது, நம் வரிசையில் சுத்த தைவதம். மேடையில் எர்த் கோளாறால் ஹம் வரும்போது கேட்பதும் இதே சுரத்தைத்தான்.

இதற்குப் பணச் செலவு இல்லை, ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். தூக்கமில்லாத நாட்களில் சுருதி நினைவு சற்று நழுவும். கூவலைக் கண்டுபிடிக்கத்தான் இது உதவும். ஒரு குரல் பரவலாக மந்தமாக இருக்கிறதா, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் அதிகமாக அமுக்குகிறதா என்பதையெல்லாம் இதனால் பயில முடியாது.

## யாருக்கு எது

இரவுப் பேருந்திலேயே பெரும்பாலும் போய் வருபவர், வண்டி ஓடும்போது கருவியின்றிச் சுருதிப் பயிற்சியும், வண்டி நின்ற பிறகு கம்பி இயர்போனில் கால் மணி நேரமும் செய்தால் போதும். ஓடும் பேருந்தில் இயர்போன் பயிற்சியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாட்டுப் பழக்கமே இல்லாதவர், சுருதி வழியில் தொடங்கி மனம் சோர்ந்துவிட வேண்டாம். இயர்போனும் பிங்க் நாய்ஸுமே அவருக்கு ஏற்றவை. பத்தாயிரம் ரூபாய் வாக்கில் செலவழிக்க முடிந்து, ஊரில் தங்கும் நாட்களும் அதிகமுள்ளவர் மூடிய ஹெட்ஃபோனை வாங்கலாம், வீட்டிலும் அது வேலைக்கு ஆகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒலிபெருக்கிகள் தயாரானதும், கலைஞர்கள் வருவதற்கு முன்னால் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பயணத்தில் கேட்ட அதே பிங்க் நாய்ஸை அரங்கில் மெல்லிய அளவில் ஓடவிட்டு, நடுவில் போய் ஈக்யூவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உடன் வந்தவரை ஏதேனும் ஒரு ஃபேடரை உயர்த்தச் சொல்லி, எது என்று கூறுங்கள். உண்மையில் உயர்த்தியது எது, நீங்கள் சொன்னது எது என்று இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் கம்பி இயர்போனுக்கு மாறிய பிறகு 125, 250 வரிசைகளில் தவறுகள் அரிதாகிவிட்டன. 6300, 8000 வரிசைகளில் மட்டும் இன்றும் திருத்தக் கோடுகள் விழுந்துகொண்டிருக்கின்றன, அந்த இரண்டையும் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒலிபெருக்கியில் தனியாக உட்கார்ந்து பயில்கிறேன்.